இடது காலுக்கு எது

சாக்கு என் முழங்கால்களுக்கு நடுவில் இருக்கிறது. உள்ளே நாலு ஜோடி கால்துடுப்பு. இந்த வள்ளத்திலிருந்து கடலில் இறங்கப் போகிறவர்கள் இரண்டே பேர், நானும் பிரகாசியக்காவும், அக்காவின் இடது கால் இரண்டு வயதுக் காய்ச்சலில் விளங்காமல் போனது, நான் பிறப்பதற்கு முன்பே போனது, ஆக மூன்று கால்களுக்கு விடை இருக்கிறது, அந்த நாலாவது காலுக்கு எதை மாட்டுவது என்பதுதான் தெரியவில்லை. பாருக்குப் போய்ச்சேர முக்கால் மணி நேரம் ஆகும் என்றான் வள்ளக்காரன் தொம்மை. கடலுக்கடியில் பாறையும் பவளமுமாக மேடுதட்டிக் கிடக்கிற இடத்துக்கு எங்கள் பக்கம் பார் என்று பேர், அங்கே இரண்டு ஆள் ஆழம்தான், காற்று இல்லாத நாளில் மேலே மிதந்துகொண்டே அடித்தரையைப் பார்க்கலாம். முக்கால் மணி நேரம் போதும். ஒரு ராத்திரி முழுக்கப் போதாமல் போன யோசனைக்கு முக்கால் மணி நேரம் எப்படிப் போதும் என்று கேட்டால், ராத்திரியில் யோசித்தவன் வேறு ஆள், கம்ப்ரசர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன். காதுக்குள் இன்னும் அந்த ஐஸ் கம்பெனி ஓடிக்கொண்டுதான் இருக்கிறது, அதன் மேல் இப்போது வள்ளத்து இன்ஜின் ஏறி உட்கார்ந்திருக்கிறது. எதிர்ப்பலகையில் அக்கா. முதல் பூசைக்குப் போய்விட்டு அப்படியே வந்துவிட்டாள், தலையில் போட்ட முக்காட்டைக் கழுத்தில் சுற்றியிருக்கிறாள். இடது காலைத் தாங்கும் காலிப்பரின் வாரைக் கழற்றி இரும்பை மடியில் வைத்திருக்கிறாள், பிள்ளையை வைத்திருப்பதுபோல. இவள் என்ன நினைக்கிறாள்? கேட்டால் சொல்வாள். கேட்கவில்லை. இன்ஜின் சத்தத்தில் கேட்பதென்றால் கத்த வேண்டும், கத்திக் கேட்கிற கேள்வி இல்லை அது.

முதலில் அந்தக் கறுப்பு ரப்பர். குட்டையானது, கனமானது, குதிகால் திறந்தது, பின்னால் வார் போட்டு இழுக்க வேண்டும். முதுகில் சிலிண்டர் கட்டிக்கொண்டு இறங்குகிறவர்களுக்கானது, நீரோட்டத்தை எதிர்த்துப் போக, இடுக்கில் நுழைந்து திரும்ப. இதைப் போட்டால் கால் உடனே பதில் சொல்லும், அடித்த மாத்திரத்தில் உடம்பு நகரும், ஆனால் தொடை வலிக்கும். அடுத்தது நீளமானது, என் இடுப்பு உயரம், தபாலில் வரவழைத்தது, மூச்சடக்கி ஆழம் போகிறவர்களுக்கு. அதில் அவசரம் கூடாது. இடுப்பிலிருந்து மெதுவாக ஒரு தள்ளு தள்ளினால் அந்தத் தள்ளு தகடு வழியாகக் கீழே ஓடி, நுனியில் போய் முடியும்போது நாம் ஓர் ஆள் நீளம் போயிருப்போம். முதல் தடவை போட்டபோது யாரோ பின்னாலிருந்து என்னைத் தள்ளியதாக நினைத்துத் திரும்பிப் பார்த்தேன். மூன்றாவது, நடுவில் பிளந்தது, மீன்வால் மாதிரி. துறைமுகத்து இன்ஜினியர் ஒருவர் காது போய்க் கடலை விட்டபோது கொடுத்துவிட்டுப் போனார், முட்டி வலிக்காரர்களுக்கு நல்லது என்றார், நல்லதுதான், ஆனால் அதைப் போட்டுக்கொண்டு பின்பக்கம் போக முடியாது, முன்னால் மட்டும்தான். நாலாவது துடுப்பே இல்லை, அலுமினியத் தகடு. சங்கு குளிக்கிறவர்கள் தகட்டை வெட்டி ரப்பர் செருப்பில் திருகி மாட்டிக்கொள்வார்கள், தொம்மையின் தம்பி எனக்கும் ஒரு ஜோடி செய்து தந்தான். தலைகீழாகப் பாய்ந்து, மண்ணைத் துழாவி, சங்கோடு மேலே வர அதைவிட நல்லது உலகத்தில் இல்லை. வளையாது, சந்தேகப்படாது. நாற்பத்தெட்டு வயதில் எனக்குத் தெரிந்த ஞானம் இவ்வளவுதான். சொல்லித்தர யாரும் இருக்கவில்லை. ஐஸ் கம்பெனியில் மணிக்கு ஒருதரம் முள்ளைப் பார்த்து எழுதினால் போதும், மீதி ஐம்பத்தைந்து நிமிடம் செல்போன், தெரியாத பாஷைகளில் ஆட்கள் தண்ணீருக்குள் காலை அசைத்துக் காட்டுவார்கள், பேச்சு புரியாது, கால் புரியும்.

கால் புரியும் என்றுதான் போன ஞாயிற்றுக்கிழமை வரை நினைத்திருந்தேன். அக்காவுக்கு நீச்சல் தெரியும், மிதப்பாள், கைகளால் துழாவி வருவாள், அது பிரச்சினை இல்லை. அந்தப் பார்மேல் வள்ளத்தை நிறுத்தி அவளுக்கு நான் கொடுத்தது கறுப்பு ரப்பர், இரண்டு காலுக்கும். ஜோடி என்றால் ஜோடியாகத்தானே போடவேண்டும். வலது கால் ஏழாம் நம்பர், இடது கால் நாலு, இடதில் இரண்டு சாக்ஸ் போட்டு நுழைத்தேன். இறங்கினாள். வலது கால் அடித்தது. இடதுகாலில் இருந்த ரப்பர் தன் கனத்தில் தொங்கியது. உடம்பு இடப்பக்கமாகச் சாய்ந்து, திரும்பி, வட்டம் போட ஆரம்பித்தது. ஒரு வட்டம், இன்னொரு வட்டம். தொம்மையோடு அன்றைக்கு வந்திருந்த இரண்டு பேர் வள்ளத்து விளிம்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். "எக்கா, மணி என்ன ஆவுது பாத்துச் சொல்லு" என்றான் ஒருவன். கடிகார முள் மாதிரி என்று அர்த்தம். அவள் முகம் தண்ணீருக்குள் இருந்தது, மூச்சுக் குழாய் மட்டும் மேலே நின்றது, கேட்டிருக்காது என்று நினைத்தேன், கேட்டிருக்கும் என்றும் நினைத்தேன். நான் பாய்ந்து போய் அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தேன். தண்ணீர் குடித்துவிட்டாள். இருமி முடித்ததும் எல்லாரையும் பார்த்துச் சிரித்தாள். வீட்டுக்கு வந்து முகக்கண்ணாடியை நல்ல தண்ணீரில் கழுவி, துடைத்து, பீரோவுக்கு மேல் வைத்தாள். பீரோவுக்கு மேல் எங்கள் வீட்டில் திரும்ப எடுக்காத சாமான்களைத்தான் வைப்போம்.

அந்தச் சத்தம், கண்ணாடி தகரத்தில் உட்கார்ந்த சத்தம், அதை நான் ஏன் இத்தனை தடவை கேட்கிறேன். ஏனென்றால் ஞாயிறு ஒன்றுதான் இருக்கிறது. அக்கா உப்பளத்து எடைமேடையில் கிளார்க், காலையில் ஏழரைக்குப் போனால் இருட்டித்தான் வருவாள். நான் சாயங்காலம் ஆறுக்குப் போனால் காலை ஆறரைக்கு வருவேன், வந்ததும் படுத்துவிடுவேன். இருபத்திரண்டு வருஷமாக நாங்கள் இரண்டு பேர் மட்டும் ஒரே வீட்டில் இருக்கிறோம், அவள் குளித்த ஈரத் துண்டு, நான் குடித்த டம்ளர், இப்படித்தான் பார்த்துக்கொள்கிறோம். அவளும் கட்டிக்கொள்ளவில்லை, நானும் கட்டிக்கொள்ளவில்லை, ஏன் என்று பேசியதும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை நான் கதவைச் சாத்திக்கொண்டு தூங்குவேன், மாலையில் எழுந்தால் அவள் துணிக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருப்பாள். போன மாதம் ஒருநாள், ஒரு பேச்சுக்குத்தான், கீழே அப்படி என்னதாம்ல இருக்கு என்று கேட்டாள். நான் சொல்ல ஆரம்பித்தேன். சொல்லிக்கொண்டே இருந்தேன், அவளுக்கு எடைமேடைக்கு நேரமாகிவிட்டது. மறுநாள் விட்ட இடத்திலிருந்து கேட்டாள். அது எனக்கு எப்படி இருந்தது என்று எந்தப் பாஷையிலும் சொல்லத் தெரியாது. நேற்றுக் காலையில் கண்ணாடியைத் தானே எட்டி எடுத்தாள், ஸ்டூல் போட்டு, ஒற்றைக்காலில் நின்று. "நாளைக்கு இன்னொரு தடவ போவோம். சரியா வரலன்னா இதோட விட்டுருவோம், நீ ஒன் தூக்கத்தத் தூங்கு" என்றாள். இன்னும் பத்து நாளில் மேற்கிலிருந்து கச்சான் காற்று பிடித்துவிடும், அப்புறம் மாதக்கணக்கில் கடல் கலங்கல்தான். சரியா வரலன்னா. அவளை நேராகப் போக வைக்க வேண்டும். அவ்வளவுதான் செய்ய வேண்டியது. அலை ஒன்று பக்கவாட்டில் அடித்து என் சட்டையை நனைக்கிறது. அக்கா காலிப்பரின் தோல் வாரில் விழுந்த உப்புத் தண்ணீரை முக்காட்டால் ஒற்றுகிறாள்.

இந்த வாரம் மூன்று காலை, வேலை முடிந்த கையோடு, கடற்கரைக்குப் போய் என் இடது காலைத் துண்டால் இரும்புக் கம்பியோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு இறங்கிப் பார்த்தேன். நானும் சுற்றினேன். வலை உதறிக்கொண்டிருந்தவர்கள் ஓடிவந்து தூக்கிவிட்டார்கள், "என்ன அண்ணாச்சி, வலிப்பா?" என்று என் கையில் சாவிக்கொத்தைத் திணித்தார்கள். பரிசோதனை என்றேன். ஒருத்தர் இன்னொருத்தரைப் பார்த்தார். ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார்கள். போகாமல் மறுபடி இறங்கினேன். வலதில் குட்டை, இடதில் நீளம். வலதில் பிளந்தது, இடதில் தகடு. நாலு வகை, இரண்டு கால், பதினாறு விதம், கம்பெனி லாக் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் கட்டம் போட்டு ஒவ்வொன்றாக அடித்தேன். மூன்றாம் நாள்தான் புத்தியில் உறைத்தது, கட்டின கால் வேறு, வராத கால் வேறு. என் கால் துண்டுக்குள் திமிறிக்கொண்டிருந்தது. அவள் கால் திமிறாது. போன ஞாயிறு சாக்ஸ் மாட்டும்போதுதான் வாழ்க்கையில் முதல்முறையாக அந்தப் பாதத்தைத் தொட்டேன். குளிர்ந்திருந்தது. அடியில் காய்ப்பே இல்லை, உள்ளங்கை மாதிரி இருந்தது. ஐம்பது தாண்டிய பாதத்தில் அப்படி ஒரு தோலை நான் எதிர்பார்க்கவில்லை, கையை எடுத்துவிட்டேன், உடனே எடுத்தது அவளுக்குத் தெரிந்துவிடுமோ என்று திரும்ப வைத்தேன். அப்போது அந்தக் கால் லேசாக என் கையைத் தள்ளியது. தள்ளியதா, நான் நினைத்துக்கொண்டேனா. முட்டிக்குக் கீழே ஒன்றுமில்லை, ஆனால் இடுப்பில் எங்கேயோ கொஞ்சம் இருக்கிறது. கொஞ்சம் இருப்பதைப் பெரிதாக்கிக் கொடுப்பது எது? நீளமானது. சின்ன அசைவை வாங்கி நுனிவரை கொண்டுபோவது அதுதானே. அப்படியென்றால் வராத காலுக்குச் சின்னதும் இலேசானதும் போட வேண்டும் என்று எல்லாரும் நினைப்பது தலைகீழ். பெரிதைப் போட வேண்டும். பெரிதாக, மெதுவாக, வளைகிறதாக. ஆனால் அவ்வளவு நீளத்தை இழுக்க அந்தக் கொஞ்சம் போதுமா. போதாவிட்டால் அது பாய்மரம் மாதிரிக் குறுக்கே நின்று அவளை இன்னும் வேகமாகச் சுற்றும். கம்பெனியில் இரண்டு முள் பார்த்துக்கொண்டே இருப்பேன், கம்ப்ரசருக்குள் போகும் அழுத்தம் ஒன்று, வெளியே வரும் அழுத்தம் ஒன்று. ஒன்று தாழ்ந்திருக்கும், ஒன்று உயர்ந்திருக்கும். இரண்டும் சமமாக வந்தால் மெஷின் நின்றுபோச்சு என்று அர்த்தம். இதை எழுதிவைத்த பிறகுதான் ஜோடியாகப் போடவேண்டும் என்ற எண்ணம் என்னை விட்டுப் போனது. வலதுக்குக் குட்டை ரப்பர், இடதுக்கு நீளம், நீளத்தின் பாதத்தைச் சாக்ஸால் நிரப்பி வாரால் கட்டி. இதுதான். இல்லை, நீளத்தில் நாலு விரற்கடை அறுத்துவிட்டால்? சாக்குக்குள் ரம்பமும் இருக்கிறது. அறுத்தால் என் துடுப்பு போகும், போகட்டும். ஒருதடவை அந்த நீளத்தோடு நீரோட்டத்தில் மாட்டி அரை மணி நேரம் ஒரே பாறையைப் பார்த்துக்கொண்டு அடித்திருக்கிறேன், அடிக்க அடிக்க பாறை அங்கேயே இருந்தது, நானும் அங்கேயே இருந்தேன். அந்த நீரோட்டம் இன்றைக்கு வந்தால் அவளை எப்படிப் பிடிப்பது. நான் எதைப் போட்டுக்கொள்வது. நீளத்தை அவளுக்குக் கொடுத்துவிட்டால் எனக்குப் பிளந்தது, பிளந்தது பின்னால் போகாது, அவள் பின்னால் போனால்?

இன்ஜின் நின்றுவிட்டது. சத்தம் நின்ற இடத்தில் கம்ப்ரசர் மட்டும் காதுக்குள் ஓடுகிறது. தொம்மை நங்கூரத்தை இறக்கிக் கயிற்றைக் கட்டிவிட்டு என் சாக்கை எட்டிப் பார்த்தான். "என்னடே இன்னாசி, கல்யாணத்துக்குச் சாமான் எறக்குன மாதிரி வச்சிருக்க." நான் ஒவ்வொன்றாக எடுத்துப் பலகையில் பரப்பினேன், ரம்பத்தையும் வைத்தேன். அக்கா பார்த்துக்கொண்டே இருந்தாள். நான் சொன்னேன், வலதுக்கு இது, இடதுக்கு இது, பெரிசா இருக்கேன்னு பாக்காத, அசைவு சின்னதா இருந்தாலும் இது பெருசாக்கிக் குடுக்கும், தேவைன்னா கொஞ்சம் அறுத்துக்கலாம். கட்டம் போட்ட தாளையும் காட்டினேன். அவள் தாளை வாங்கி எடைச்சீட்டைப் பார்க்கிற மாதிரி மேலிருந்து கீழே பார்த்தாள்.

"இம்புட்டும் எதுக்குல?"

"நேரா போறதுக்கு."

"நேரா போயி?"

எனக்குப் புரியவில்லை. "நேரா போயின்னா, நேராத்தான்."

"நேரா போயி யாரப் பாக்க? கொழும்புக்கா போறோம்?"

தொம்மை கயிற்றைப் பார்த்துச் சிரித்தான். அன்னைக்கு நீ சுத்திக்கிட்டே இருந்தல்லா, என்றேன், அவனுங்க எல்லாம் சிரிச்சானுங்கள்லா. அவள் என்னை ஏதோ சின்னப் பிள்ளையைப் பார்ப்பது போலப் பார்த்தாள். "அவனுவ சிரிச்சா ஒனக்கு என்ன. நான் கீழ ஒரு சாமானப் பாத்துக்கிட்டு இருந்தேன். ஒரு பாறைக்கு அடில ஓட்டை, அதுக்குள்ள ஒரு கண்ணு. மொதச் சுத்துல கண்ணு மட்டும். ரெண்டாவது சுத்துல வாரேன், ஒரு கை நீண்டு வந்து பக்கத்துல கெடந்த சிப்பிய இழுத்து வாசல்ல வைக்கி. மூணாவதுல இன்னொரு சிப்பி. ஒவ்வொரு சுத்துக்கும் ஒண்ணு. நான் தள்ளி வாரப்ப வைக்கி, நேர் மேல வந்துட்டா சும்மா இருக்கு. ஆறு சுத்து எண்ணுனேன். அஞ்சு சிப்பி. கடைசில ஒரு விரல் போற எடந்தான் இருந்துச்சு, அதுக்குள்ளயும் அந்தக் கண்ணு பாக்கு."

"பேய்க்கணவாய்" என்றான் தொம்மை. "எட்டுக் கை. வீட்ட அடைக்கும்."

"எதோ ஒண்ணு. ஏழாவது சுத்துல அது என்ன செய்யும்னு பாக்கணும்னு இருந்தேன். அதுக்குள்ள இவன் வந்து கையப் புடிச்சு இழுத்துட்டான். வாய்க்குள்ள தண்ணி போச்சு."

நான் பலகையில் கிடந்த எட்டையும் பார்த்தேன். ஆழம் போக ஒன்று, எதிர்த்துப் போக ஒன்று, முட்டி வலிக்காமல் போக ஒன்று, பாய்ந்துபோய் எடுத்துவர ஒன்று. எல்லாம் போவதற்கு. இத்தனை வருஷமாகச் செல்போனில் நான் பார்த்த படங்களில் யாரும் ஒரே இடத்தைச் சுற்றி வந்ததில்லை, அல்லது வந்திருப்பார்கள், நான் தள்ளிவிட்டு அடுத்ததைப் பார்த்திருப்பேன். அப்போ கண்ணாடிய ஏன் பீரோ மேல வச்ச, என்று கேட்டேன். "பின்ன தரையிலயா வைப்பாங்க? ஒடஞ்சிராது?" என்றாள். சரியா வரலன்னா விட்டுருவோம்னு சொன்னியே. "ஆமா. அந்தக் கணவாய் இல்லன்னா வேற என்னத்துக்கு வரணும்?" சொல்லிவிட்டுக் கறுப்பு ரப்பரில் வலதை மட்டும் எடுத்துப் போட்டுக்கொண்டாள். இடது காலில் ஒன்றும் இல்லை, சாக்ஸ்கூட இல்லை. கொஞ்சமாச்சும் போடு, என்றேன். "இது இருந்தா தொங்கும். அன்னைக்கே கனமா இருந்துச்சு, ஒன் மொகத்தப் பாத்துட்டு சொல்லல." எல்லாம் தலைகீழாகப் போய்விட்டது என்று தோன்றியது, கூடவே எங்கேயோ, வயிற்றுக்குக் கொஞ்சம் மேலே, இலேசாக ஆனதுபோலவும் இருந்தது, அது என்ன என்று பார்ப்பதற்குள் அவள் விளிம்பில் உட்கார்ந்து திரும்பி இறங்கிவிட்டாள். நான் பழக்கத்தில் நீளத்தை எடுத்தேன். தொம்மை என் மணிக்கட்டைப் பிடித்தான். "அத மாட்டிக்கிட்டு ரெண்டு ஆள் ஆழத்துல போயி ஒரு அடி அடிச்சன்னா கீழ மண்ணு பூரா கலங்கும். அந்தம்மா என்னத்தப் பாக்கும்?" சரிதான். எது போட்டாலும் கலங்கும். வெறுங்காலோடு இறங்கினேன். எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு வெறுங்காலோடு கடலில், விரல்களுக்கு நடுவில் தண்ணீர் போகிறது, கால் என்னுடையதா என்று சந்தேகமாக இருக்கிறது. கண்ணாடியையும் குழாயையும் மாட்டி, நங்கூரக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு முகத்தை உள்ளே வைத்தேன்.

தண்ணீர் தெளிவாக இருக்கிறது, எல்லாம் கொஞ்சம் பெரிதாகத் தெரிகிறது. பாறை, பழுப்புப் பாசி, கோடுபோட்ட சின்ன மீன்கள் ஒன்றாகத் திரும்பி ஒன்றாக நிற்கின்றன. அக்கா கைகளால் தண்ணீரைத் துழாவிப் போய் அந்தப் பாறையைக் கண்டுபிடித்துவிட்டாள் போலிருக்கிறது, வலது கால் ஓர் அடி அடித்தது, உடம்பு இடது பக்கம் சாய்ந்து வட்டம் ஆரம்பித்தது. மேலே இருந்து பார்த்தபோது தடுமாற்றமாகத் தெரிந்தது. இங்கிருந்து பார்த்தால் ஒவ்வொரு வட்டமும் முந்தினதன் மேலேயே விழுகிறது, பாறையிலிருந்து அதே தூரம், அதே வேகம். ஒத்தைத் துடுப்பு, அதை வேண்டுமென்றே இப்படித்தான் செய்ததுபோல. இடது கால் பின்னால் சும்மா வருகிறது. இல்லை, சும்மா இல்லை, இடுப்பிலிருந்து ஒரு சின்னத் திருப்பல், வட்டம் பெரிதாகும்போது அந்தக் கால்தான் இழுத்துச் சின்னதாக்குகிறது. அந்தப் பாறையில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. ஓட்டை என் பக்கம் இல்லை. கயிற்றை விட்டுவிட்டு நாலு கை போட்டால் பார்த்துவிடலாம், என் தோள் ஏற்கனவே அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டது. மூன்றாவது சுற்றில் அவள் கைவிரல்களை விரித்துத் தண்ணீரை அணைத்து நின்றாள். அப்படி நிற்க முடியும் என்று எனக்குத் தெரியாது. பிறகு என் பக்கம் பார்க்காமலேயே வலது கையை மட்டும் பின்னால் நீட்டி, உள்ளங்கையை என்னை நோக்கி விரித்தாள். எடைமேடையில் லாரிக்காரர்களுக்கு அவள் காட்டும் கையாக இருக்க வேண்டும், மேடையில ஏறிட்ட, அப்படியே நில்லு. நான் நின்றேன். மூச்சுக் குழாய் சத்தம் போடுகிறதே என்று மூச்சையும் பிடித்துக்கொண்டேன்.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. அவள் தலையைத் தூக்கிக் குழாயை வாயிலிருந்து எடுத்தாள். முகத்தில் கண்ணாடியின் விளிம்பு பதிந்து சிவந்திருந்தது.

"அதே எடந்தான். அதே கண்ணு. ஆனா இன்னைக்கு வாசல் தெறந்து கெடக்கு, சிப்பியெல்லாம் வெளிய அடுக்கி வச்சிருக்கு. என்னையப் பாத்து இப்பத்தான் ஒண்ண எடுத்துருக்கு" என்றாள் மெதுவாக, பக்கத்து அறையில் யாரோ தூங்குவதுபோல. "நேரம் ஆவும். ஒனக்கு ராத்திரி முழிப்பு, போயி வள்ளத்துல படு."

"ஒறக்கம் வரல" என்றேன். அது உண்மையில்லை, கண் எரிந்துகொண்டிருந்தது.

"அப்பக் கயித்த விடாத. கால ஆட்டாத."

"சரி."

"சுத்த எண்ணிக்கிட்டே இரு. எனக்கு இன்னைக்கு அதப் பாத்தா எண்ண மறந்துருது."

திரும்பவும் முகத்தை உள்ளே வைத்தாள். வலது கால் அடித்தது. நான் கயிற்றைப் பிடித்தபடி, அவள் போகிற பக்கமாக மெல்லத் திரும்பிக்கொண்டே, நாலு என்று எண்ணினேன்.